பச்சை இல்லாத பக்கம்

என் கோபத்தைத் தாங்கிக்கொண்டு என்னைக் கரையேற்றிய மூன்று பேரை இன்றுவரை நான் நேரில் பார்த்ததில்லை. ஒருவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். ஒருத்தி பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். மூன்றாவது ஆள் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் தம்பி. மூவரும் ஆளுக்கொரு திசையில் இருக்கிறார்கள். தெருவில் எதிரே வந்தால் அடையாளம் தெரியாது. குரலைக் கேட்டால் மட்டும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வேன்.

நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, கிருமி நீக்கி, துணியில் கட்டி அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். பதினாறு வருஷம் ஆகிறது. தரைக்குக் கீழே ஜன்னல் இல்லாத தளம்தான் எங்கள் இடம். நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு கதவு. இந்தப் பக்கம் ரத்தமும் சதையுமாக வரும் தட்டுகள், அந்தப் பக்கம் சுத்தமானவை. கதவு எப்போதும் சாத்தியே இருக்க வேண்டும். இந்தப் பக்கத்துக் காற்றுகூட அந்தப் பக்கம் போகக் கூடாது. யாராவது திறந்து போட்டுவிட்டுப் போனால் எனக்குக் கண்மண் தெரியாது. சட்டியில் போட்டதும் வெடிக்கிறேனாம், பிரிவில் எனக்குக் கடுகு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் பாவம்.

இன்னொரு குணமும் உண்டு. வேறு யாராவது கட்டிய செட்டில் எனக்குத் துளி சந்தேகம் வந்தாலும் போதும், பிரித்துக் கொட்டிவிடுவேன். கத்தரிக்கோல், இடுக்கி, ஊசிபிடிப்பான் எல்லாவற்றையும் எண்ணி, மறுபடி முதலிலிருந்து கழுவி, நானே கட்டுவேன். கட்டியவரிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். மேஜையில் ஒருவர் வயிற்றைத் திறந்து படுத்திருக்கும்போது கட்டியவளின் மனசு நோகுமா என்று யோசிக்க முடியாது. அந்த இடத்தில் அது சரியான வேலைதான், இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

பழைய பொறுப்பாளர் ஓய்வு பெற்றுப் போன பிறகு இரண்டு வருஷமாக அந்த நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன், தற்காலிகமாக. பிறகு ஒருநாள் நிர்வாக அம்மா கூப்பிட்டு, இனிமேல் பொறுப்பாளருக்கு ஒரு சான்றிதழ் கட்டாயம் என்றார். மருத்துவ இடங்களில் பாதுகாப்பாக வேலை செய்வது பற்றிய படிப்பு அது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகச் சேரலாம், எட்டு வாரம். இந்தத் தடவை தேறாவிட்டால் வெளியிலிருந்து ஆளைக் கொண்டுவருவோம் என்பதையும் தேன் தடவிச் சொன்னார். நேற்று வந்த ஒருத்தி என் நாற்காலியில் உட்கார்ந்து எனக்குக் கத்தரிக்கோல் எண்ணச் சொல்லித்தருவாள். அன்று இரவே சேர்ந்துவிட்டேன்.

அந்தத் தடவை சேர்ந்தவர்கள் பதினோராயிரம் பேர். பாடங்களைப் பார்ப்பது, கேள்விக்குப் பதில் சொல்வதெல்லாம் எனக்குச் சிரமமாக இல்லை. மூன்றாம் வாரம்தான் வினை வந்தது. மொழியைப் பார்த்து ஐந்தைந்து பேராகப் பிரித்துப்போட்டார்கள். ஒவ்வொரு குழுவும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுத வேண்டும். எட்டாம் வாரக் கடைசி நாள் மாலை நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும். குறைந்தது நான்கு பேராவது பங்கெடுத்து, நான்கு பேரும் தனித்தனியே ஒப்புதல் கொடுத்தால்தான் கட்டுரை செல்லும். எங்கள் ஐந்தாவது ஆள் வணக்கம் என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுக் காணாமல் போனார். மிச்சம் நாங்கள் நால்வர். ஒருத்தர் கழன்றுகொண்டாலும் எல்லோருக்கும் நாமம்தான்.

கட்டுரைக்குப் பொருளைச் சொன்னவர் மருந்துக்கடைக்காரர். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும்போதுதான் தப்பு நடக்கும், நம்ம நம்ம இடத்தில் அப்படிக் கைமாறும் இடத்தை ஆளுக்கொரு பகுதியாக எழுதலாம் என்றார். டாக்டர் எழுதிய சீட்டு மருந்தாகக் கைக்கு வருவது பற்றி அவர், பல் பிடுங்கிய இடுக்கி அடுத்த நோயாளிக்குப் போகும் வழி பற்றி அந்தப் பெண், ஆள் மாறும்போது கப்பலின் மருந்துப் பெட்டியை ஒப்படைப்பது பற்றித் தம்பி, கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பற்றி நான். இணையத்தில் எல்லோரும் ஒரே பக்கத்தில் எழுதலாம். யார் எழுதியது என்று தெரிய ஆளுக்கொரு நிறம். எனக்குப் பச்சை.

தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு மணி நேரம் உட்காருவேன். முதல் வாரம் ஆளாளுக்கு ஏதோ எழுதினார்கள். அடுத்த வாரம் குறைந்தது. ஆறாம் வாரம் பார்த்தால் ஈ காக்கை இல்லை. நான் மட்டும் மாங்குமாங்கென்று உழைத்துக்கொண்டிருந்தேன். என் பகுதியை நான் தொடவே இல்லை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்பதால் கடைசிக்கு வைத்திருந்தேன். அவர்கள் மூவரின் பகுதியையும் நான்தான் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் கணினியைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். மகளுடைய கணினி என்பதால் விட்டேன்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஓட்டைப் பானை மாதிரி ஓயாமல் பேசுகிற ஆள் அல்ல, எப்போதாவதுதான் வாயைத் திறப்பார். நான் இந்த மூன்று சோம்பேறிகளையும் கரித்துக்கொட்டுவதை ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தவர், ஒருநாள் காலை ஷூ மாட்டிக்கொண்டே ஒன்று கேட்டார்.

"நான் மடிச்சு வெச்ச துணிய நீ என்னைக்காவது அப்படியே விட்டிருக்கியா? நான் மடிக்கிறத நிறுத்தி எத்தன வருஷம் ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

எனக்குச் சுரீரென்றது. சம்பந்தமில்லாமல் பேசாதீர்கள் என்று அவரை வேலைக்கு விரட்டிவிட்டு, அதே சூட்டில் குழுக்களைக் கவனிக்கும் உதவியாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். முந்நூறு குழுவுக்கு ஒரே ஒருத்தர் அவர். இந்த மூன்று பேரும் ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை, எல்லாம் நானே செய்கிறேன், என்னை வேறு குழுவில் போடுங்கள் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தபோது பதில் வந்தது. மொத்தமே இரண்டு வரி. உங்கள் பக்கத்தின் பழைய நிலைகளையெல்லாம் இணையதளம் சேமித்து வைத்திருக்கிறது. முடிவெடுக்கும் முன் ஒருமுறை பாருங்கள்.

எந்தப் பொத்தான் என்றும் சொல்லியிருந்தார். அழுத்தினேன். நாள் வாரியாக வரிசை கட்டி வந்தது.

மருந்துக்கடைக்காரர் நீல நிறத்தில் ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறார். மறுநாள் காலை பச்சை வந்து அதை அழித்திருக்கிறது. அவர் மறுபடி எழுதியிருக்கிறார். மறுபடி பச்சை. ஐந்து தடவை. பல் கிளினிக் பெண் ஆரஞ்சு நிறத்தில் நான்கு தடவை எழுதி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் இரண்டே வரி எழுதியிருந்தாள். அந்த இரண்டு வரியையும் பச்சை விடவில்லை. கப்பல் தம்பியின் ஊதா மூன்று இடத்தில் முளைத்து மூன்று இடத்திலும் காணாமல் போயிருந்தது.

எனக்கு அழித்தோம் என்ற நினைப்பே இல்லை. திருத்தினேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு வார்த்தை சரியில்லை என்று பட்டால் முழுக்கப் பிரித்துக் கொட்டி முதலிலிருந்து கட்டுவது கைப்பழக்கமாகிவிட்டது. அவர்கள் கட்டியதையெல்லாம் பிரித்துக் கொட்டிவிட்டு, கட்டவே இல்லை என்று புகாரும் கொடுத்திருக்கிறேன். சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

எழுதி அனுப்பக் கை வரவில்லை. வெளியே ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று குழுவுக்குக் குரல் பதிவாகவே பேசி அனுப்பினேன்.

"உங்க எல்லாரோட எழுத்தையும் அழிச்சது நான்தான். திருத்துறேன்னு நெனச்சு அழிச்சிருக்கேன். இப்பதான் பாத்தேன். அதோட விடாம, நீங்க யாரும் வேலையே செய்யலன்னு மேல எழுதியும் போட்டுட்டேன். தப்பு என்மேலதான். எனக்கு இந்தப் படிப்பு முடிச்சே ஆகணும், அதுக்காகக் கேக்கலன்னு சொன்னா பொய். ஆனா அதுக்காக மட்டும் கேக்கல. மன்னிச்சுக்குங்க, திரும்பி வாங்க."

உதவியாளருக்கும் உடனே எழுதி என் புகாரைத் திரும்பப் பெற்றேன். முதலில் பதில் அனுப்பியவர் மருந்துக்கடைக்காரர். பின்னால் மருந்துப் பட்டைகள் சலசலக்கும் சத்தம் கேட்டது, கடையில் நின்றபடியே பேசியிருக்கிறார்.

"பச்சை நீங்கதான்னு முதல் வாரமே தெரியும்மா. நீங்க எழுதினது என் எழுத்த விட நல்லாவே இருந்துச்சு. ஆனா அது என் கடை இல்ல."

அது என் கடை இல்லை. அந்த மனிதர் அதற்கு மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான் அவர் கடையை ஒரு தடவைகூடப் பார்க்காமல் அதற்குள் என்ன நடக்கிறது என்று ஐந்து தடவை எழுதியிருக்கிறேன்.

பல் கிளினிக் பெண் அன்று மாலை பேசினாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவளாம். தன் எழுத்து கேவலமாக இருப்பதால்தான் நான் நல்ல மனசோடு மாற்றி எழுதித் தருகிறேன் என்று நினைத்தாளாம். இந்தப் படிப்பெல்லாம் நமக்குச் சரிவராது என்று விலகும் பொத்தான்வரை போய்விட்டுத் திரும்பியிருக்கிறாள். அதைக் கேட்டு நான் அழுதேன். அழுதுகொண்டே திட்டவும் திட்டினேன், இனி விலகுவது கிலகுவது என்று பேசினால் தேடி வந்து உதைப்பேன் என்று. அவள் சிரித்துவிட்டாள்.

தம்பிதான் அகப்படவில்லை. நடுக்கடலில் இருந்தான். அவனில்லாவிட்டால் நாங்கள் மூவர்தான், கதை முடிந்தது. ஏழாம் வாரம் பாதி போகும்வரை கைபேசியைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனது. ஒரு வழியாக ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து வந்தான். கப்பல் நெட்தான் தன் எழுத்தை விழுங்கிவிடுகிறது, காலி இடத்தை நான் நிரப்புகிறேன் என்று நினைத்தானாம். அதற்காக இரண்டு துறைமுகங்களில் வேறு வேறு சிம் வாங்கிப் போட்டிருக்கிறான், அப்பாவி.

"அக்கா, நீங்கதானா அது? நல்லவேளை. நான் அந்த சிம் விக்கிறவன்கிட்ட சண்டையே போட்டுட்டு வந்துட்டேன்."

மருந்துக்கடைக்காரர் அன்றைக்கு ஒரு சட்டம் போட்டார். ஒருத்தர் எழுதியதில் இன்னொருத்தர் கை வைக்கக் கூடாது. மாற்ற வேண்டுமென்றால் ஓரத்தில் கேள்வியாகக் கேட்க வேண்டும். எழுதியவர் சரி என்றால்தான் ஒரு எழுத்தானாலும் மாறலாம். யார் பெயரையும் சொல்லவில்லை, ஆனால் சட்டம் யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்பா, அந்த ஒன்றரை வாரம் நான் பட்ட பாடு. தம்பி ஒரே வாக்கியத்தில் எட்டு "மற்றும்" போடுவான். என் விரல் துடிக்கும். கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு ஓரத்தில் கேட்பேன், தம்பி, ஒரு மற்றும் குறைத்தால் கப்பல் மூழ்கிவிடுமா என்று. நாற்பது ஐம்பது கேள்வி கேட்டிருப்பேன். பாதிக்குச் சரி என்றார்கள். பாதிக்கு ஏன் கூடாது என்று காரணம் சொன்னார்கள், அதிலெல்லாம் அவர்கள்தான் சரி. ஒரே மாதிரி பெயருள்ள இரண்டு மருந்துகளை அவர் ஏன் வேண்டுமென்றே கடையின் இரண்டு மூலைகளில் வைக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. அதை நான் நாற்பது நாள் உட்கார்ந்து யோசித்தாலும் எழுதியிருக்க முடியாது. மூன்று பகுதியும் அழகாக எழுந்து நின்றன. என்னுடையதுதான் வெறும் தலைப்போடு கிடந்தது. கடைசி நாள் எனக்கு விடுமுறை, காலையில் உட்கார்ந்தால் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று இருந்தேன்.

கடைசி நாள் காலை ஏழரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இரண்டு பஸ் மோதிக்கொண்டன, ஆபரேஷன் அறைகள் எல்லாமே திறந்தாகிவிட்டது, கருவி போதவில்லை என்றார்கள். போக மாட்டேன் என்று சொல்லும் வேலையா இது. போனேன். தட்டு தட்டாக வந்து குவிந்தது. நிமிர்ந்து பார்த்தால் மணி ஒன்று ஆகியிருந்தது.

பத்து நிமிஷம் விட்டார்கள். தண்ணீர் குடிக்கக்கூட நிற்காமல், கழுவும் பக்கத்துக்கு வெளியே, நடுக்கதவு தெரியும் நடைவழியில் சுவரோடு ஒட்டி நின்று, என் பகுதியை முழுக்க வாயாலேயே சொன்னேன். தட்டு எப்படி வருகிறது, யார் எண்ணுகிறார்கள், எண்ணிக்கை குறைந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும், சுவரின் அந்தப் பக்கம் எதைப் பார்த்தபின் கையெழுத்துப் போட வேண்டும் என்றெல்லாம் மூன்று பதிவு. இதை எழுதிப் போட்டுவிடுங்கள், உங்களுக்குக் கோயில் கட்டுகிறேன் என்று சொல்லி, ஒப்புதல் பொத்தானையும் அழுத்திவிட்டு உள்ளே ஓடினேன். சுத்தமான பக்கத்துக்குப் போனைக் கொண்டுபோகக் கூடாது. பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவர்கள் கேட்டார்களா, தம்பிக்கு நெட் இருக்கிறதா, எதுவும் எனக்குத் தெரியாது. நான்கு மணி ஆனதை உள்ளே சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன். கை வேலை செய்துகொண்டிருந்தது, மனசு கீழே விழுந்து கிடந்தது.

ஐந்தேகாலுக்கு உடை மாற்றும் அறைக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். அனுப்பியாச்சு அக்கா, மூணு அம்பத்தெட்டுக்கு என்று பல் கிளினிக் பெண் எழுதியிருந்தாள். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என் பகுதியைத் திறந்து படித்தேன். நான் பேசியது பேசியபடியே இருந்தது. நான் தடுமாறிய இடத்தில் தடுமாறி, திருத்திச் சொன்ன இடத்தில் திருத்தி, ஒரு சொல் பிசகாமல் இருந்தது. நான்காவது படி வரைக்கும் வந்தேன். அங்கே இப்படி இருந்தது:

"எண்ணி முடிச்ச தட்ட அந்தப் பக்கம் குடுக்கறதுக்கு முன்னாடி கையுறைய மாத்தணும். ஏய், யாரு அது, கதவ சாத்திட்டுப் போ! எத்தன தடவ சொல்றது, மனுஷங்க உயிரு அந்தப் பக்கம் இருக்கு! அப்புறம் பட்டியல்ல கையெழுத்துப் போடணும்."

பதிவின் நடுவில் எவளோ கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போக, நான் கத்தியிருக்கிறேன். அதை அப்படியே எழுதி, அப்படியே அனுப்பியும் விட்டார்கள். பதினோராயிரம் பேர் படிக்கும் படிப்பில் என் வாய் நாற்றம் அச்சேறிவிட்டது. மூன்று பேரையும் உண்டு இல்லை என்று ஆக்க விரலைத் தூக்கிவிட்டேன். அப்போதுதான் ஓரத்தில் இருந்த கேள்விகளைப் பார்த்தேன்.

நீலம், மணி இரண்டே கால்: அம்மா, இந்த வரி இருக்கட்டுமா, எடுக்கலாமா? ஊதா, மூன்றரை: எனக்கு எடுக்கத்தான் தோணுது அக்கா, ஆனா கேக்காம எடுக்க மாட்டேன். ஆரஞ்சு, மூணு அம்பது: அக்கா இன்னும் வரல, இது அவங்க எழுத்து, அப்படியே விட்டுடறோம்.

விரலை இறக்கினேன். அந்த மூன்று பேருக்கும் அந்தப் படிப்பு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். ஒரு அசட்டு வரியால் மதிப்பெண் போனால் நால்வருக்கும்தான் போகும். கேட்காமல் எடுத்திருந்தால் நானே நன்றி சொல்லியிருப்பேன். ஆனாலும் கடைசி நிமிஷம்வரை எனக்காகக் காத்திருந்து, பதில் வரவில்லை என்பதற்காக என் வரியை விட்டுவைத்திருக்கிறார்கள். திரும்பத் திரும்ப அவர்கள் எழுத்தைத் துடைத்துப்போட்ட என்னுடைய வரியை. உடை மாற்றும் அறை என்றுகூடப் பார்க்காமல் விசும்பி விசும்பி அழுதேன். பஸ் விபத்தை நினைத்து அழுகிறேன் என்று பக்கத்தில் இருந்தவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

ஒவ்வொரு கட்டுரையையும் வேறு மூன்று குழுக்கள் படித்து மதிப்பெண் போடும். இரண்டு வாரம் கழித்து வந்தது. தேறிவிட்டோம், நால்வரும். ஒரு குழுவின் குறிப்பு எந்த மொழியில் எழுதப்பட்டதோ, இயந்திரம் தமிழாக்கித் தந்திருந்தது: "கதவைக் குறித்த ஆணை மிகவும் நல்லது. எங்கள் இடத்திலும் கதவு திறந்து கிடக்கிறது. நாங்கள் இந்த வாக்கியத்தைக் கதவின் மேல் ஒட்டியுள்ளோம்." தம்பி அதைப் பார்த்துவிட்டு, அக்கா, ஊர் தெரியாத ஊரிலெல்லாம் உங்க திட்டு ஒட்டியிருக்காம் என்று ஒரு வாரம் கிண்டல் செய்தான். நாற்காலி எனக்கே கிடைத்தது. நிர்வாக அம்மா கையைக் குலுக்கியபோது, இது என் கை மட்டும் இல்லைம்மா என்று சொல்ல வாய் வந்தது, அவருக்குப் புரியாது என்று விட்டுவிட்டேன். வீட்டில் பல வருஷம் கழித்து என் வீட்டுக்காரர் துணி மடிக்க ஆரம்பித்திருக்கிறார். துண்டை மூன்று கோணலாக மடிக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே எடுத்து வைக்கிறேன்.

நாங்கள் கட்டுரை எழுதிய பக்கம் இன்னும் இருக்கிறது, யாரும் அழிக்கவில்லை. மனசு சோர்ந்த நாளில் திறந்து, பழைய நிலைகளைக் காட்டும் அதே பொத்தானை அழுத்துவேன். முன்னால் இருப்பவை எல்லாம் பச்சை, மூன்று பேரின் எழுத்தின் மேலும் பச்சை. கடைசி நாளுக்கு வந்தால் என் பகுதி நீலமும் ஆரஞ்சும் ஊதாவுமாக இருக்கும். ஆளுக்கொரு பதிவைக் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். என் பக்கத்தில் என் நிறம் ஒரு புள்ளிகூட இல்லை. அதில் இருக்கிற வார்த்தை அத்தனையும் என்னுடையது.